உத்தியோகம் மாறுவது குற்றமா?

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே நம்மவர் நாவிற் பட்டுக் 'கோறணமேந்து' ஆயிற்று. இதைக் கேட்டுச் சிரிப்போர் பலர். ஆயினும் அதனுள்ளே ஒரு கணக்கு அடங்கியிருந்தது என்பதை நினைப்போர் சிலரே.

அந்தக் கணக்கு யாது? பருத்தித்துறையிலும் அதனைச் சூழ்ந்த வடமராட்சிக் கிராமங்களிலும் பிறந்து, ஹாட்லிக் கல்லூரி போன்ற கல்விக்கூடங்களில் ஆங்கிலம் கற்ற இளைஞர்கள், ஒரு காலத்தில் கொழும்புக் கந்தோர்களிலும் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞராய் அமர்ந்தார்கள். ஆரம்பச் சம்பளம் சொற்பம். ஆண்டுதோறும் கிடைத்த ஏற்றமும் சொற்பம். ஆனால், ஓரிடத்திற் பொறுமையோடு இருந்தவருக்கு முதுமையில் இளைப்பாற்றுச் சம்பளம் நிச்சயம். எனவே, நிலைத்திருத்தல் அந்நாளில் ஒரு நற்குணம் மாத்திரமன்று. அதற்கு விலையும் கொடுக்கப்பட்டது.

இன்று அதே ஊர்ப் பிள்ளைகள் மொறட்டுவை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களிற் கணினித்துறை பயின்று மென்பொருட் கம்பனிகளிற் சேர்கின்றார்கள். சேர்ந்து ஒன்றரை ஆண்டு கழியுமுன்னே, "இன்னொரு கம்பனி கூடத் தருகிறது, மாறப் போகிறேன்" என்று தொலைபேசியிற் சொல்கின்றார்கள். பெற்றோர் திடுக்கிடுகின்றனர். ஓரிடத்தில் நிலைக்காத பிள்ளை என்று ஊரார் சொல்வார்களோ என்ற அச்சம் ஒருபுறம்; சம்பந்தம் பேச வருவோர் என்ன நினைப்பார்களோ என்ற கவலை மறுபுறம். பிள்ளையோ, தான் செய்தது பிழையா என்று விளங்காமல் வாயடைத்துப் போகிறது. பல வீடுகளில் மனக்கசப்புக்கு இடமாகிவிட்ட இவ்விஷயத்தை இவ்வாரம் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதலிற் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தனியார் கம்பனியில் இளைப்பாற்றுச் சம்பளம் இல்லை. அதற்குப் பதிலாக 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஊழியரின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கு கழிக்கப்பட, முதலாளி 12 பங்கு சேர்த்துக் கட்டுகிறார். 1980ஆம் ஆண்டிற் பிறந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 பங்கு கட்டுகிறார். இவை இரண்டும் கம்பனியின் சொத்தல்ல, ஊழியரின் சொத்து. எந்தக் கம்பனிக்கு மாறினாலும் அவர் பெயரிலேயே இருக்கும். ஆகவே, ஓரிடத்தை விட்டு நீங்கினால் முதுமைக்கால ஆதாரம் போய்விடும் என்ற பழைய அச்சத்துக்கு இங்கே இடமில்லை. விலை கொடுக்கப்படாத இடத்தில், பழைய விசுவாசத்தைப் பிள்ளையிடம் கேட்பது நியாயமாகுமா?

அன்றியும், நின்ற இடத்திலே நிற்பதும் சில வேளைகளில் நட்டமாகும். 2022ஆம் ஆண்டை நம்மில் யார் மறந்தோம்? அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரிற் கொழும்பு விலைவாசி முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 70 அளவில் ஏறியிருந்தது. முந்திய ஆண்டில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய பண்டங்களை வாங்க 1 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா வேண்டியதாயிற்று. அக்காலத்தில் நூற்றுக்குப் பத்து வீதம் ஏற்றம் பெற்று அமைதியாக இருந்தவர், உண்மையில் சம்பளக் குறைப்புக்கே உள்ளானார். டொலரில் வருமானம் ஈட்டிய கம்பனிகள் சில, சம்பளத்தையும் டொலரோடு இணைத்துக் கொடுத்தன. அத்தகைய இடத்துக்கு மாறியவரைப் பேராசைக்காரர் என்று எவ்வாறு சொல்வது?

இனி, இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. மாறுவது குற்றமன்று, கணக்குப் பாராமல் மாறுவதே குற்றம்.

மாதம் 2 இலட்சம் ரூபா பெறும் ஒருவருக்கு 2 இலட்சத்து 60 ஆயிரம் தருவதாக மற்றொரு கம்பனி அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 60 ஆயிரம் அன்றோ என்று மனம் துள்ளும். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியின்படி, மாதம் 1 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகைக்கே வரி. முதற்படி நூற்றுக்கு 6, அடுத்த படி 18. பழைய சம்பளத்தில் இவருக்கு வரி 3,000 ரூபா. புதிய சம்பளத்தில் 9,800 ரூபா. சேமலாப நிதிக்கு மேலதிகமாக 4,800 ரூபா கழியும். அது பிற்காலத்துக்கான சேமிப்பேயாயினும் இன்று கைக்கு வராது. ஆகவே கைக்கு வரும் ஏற்றம் 48,400 ரூபா மாத்திரமே. யாழ்ப்பாண நகரில் வேலை பார்த்து, பருத்தித்துறை வீட்டிலிருந்து பஸ்ஸிற் போய்வந்த பிள்ளை இதற்காக வெள்ளவத்தைக்குப் போவதானால், அறை வாடகையும் கடைச் சாப்பாடும் ஊருக்கு வந்துபோகும் செலவும் அந்தத் தொகையை விழுங்கிவிடக் கூடும்.

அடுத்தது பணிக்கொடை. பதினைந்து பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் தாபனங்களில், ஐந்து ஆண்டு சேவையைப் பூர்த்தி செய்து நீங்குபவருக்கு, ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் கொடுக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். இறுதியாகப் பெற்ற சம்பளமே இதற்கு அளவுகோல். மாதம் 3 இலட்சம் பெறுபவர் ஐந்து ஆண்டு முடித்து விலகினால் 7 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா அவருக்குரியது. நான்கு ஆண்டும் பத்து மாதமும் கழித்து விலகினாலோ, சட்டப்படி கேட்க ஒன்றுமில்லை. இரண்டு மாதப் பொறுமைக்கு இத்தனை விலை!

வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனிக்கு ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்வோரும் வடமராட்சியில் உளர். டொலரிற் கிடைக்கும் சம்பளம் கவர்ச்சியானதே. ஆனால், ஒப்பந்தக்காரருக்கு முதலாளி கட்டும் 12 பங்கும் இல்லை, 3 பங்கும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. எனவே, உள்ளூர்ச் சம்பளத்தைவிட நூற்றுக்கு 15 கூடக் கிடைப்பின், அது ஏற்றமே அன்று. விடுபட்டதை நிரப்பும் தொகை மாத்திரமே. அதனை மாதந்தோறும் தாமே ஒதுக்கிச் சேமிக்கும் கட்டுப்பாடு உள்ளவருக்கே அவ்வழி உகந்தது.

சந்தையின் போக்கும் என்றும் ஒருபடியாக இராது. இந்தியாவின் பெருங் கம்பனியாகிய இன்போசிஸில், 2022 ஜூனுடன் முடிந்த ஓராண்டில் நூற்றுக்கு 28 பேருக்கு மேல் தாமாகவே விலகிச் சென்றனர். ஆட்களுக்கு அத்துணை கிராக்கி! 2024 மார்ச் அளவில் அத்தொகை 13க்குக் கீழே இறங்கிவிட்டது. இதற்கிடையில், 2022 நவம்பரில் மெட்டா கம்பனி 11,000 பேருக்கு மேலும், 2023 ஜனவரியிற் கூகுள் ஏறக்குறைய 12,000 பேரையும் வேலையினின்று நீக்க முடிவு செய்தன. கிராக்கி உள்ளபோது துள்ளித் துள்ளிச் சென்றவர், அது அடங்கும்போது எங்கோ ஓரிடத்தில் தகுதிகாண் காலத்துப் புதியவராக நிற்பார். அக்காலத்தில் ஒருவரை நீக்குவது கம்பனிக்கு எளிது.

எல்லாவற்றிலும் பெரிய கணக்கு கல்விக் கணக்கு. வல்வெட்டித்துறையிற் கப்பல் கட்டிய நம் முன்னோர், கட்டிய கப்பல் கடலில் ஓடிக் கரைக்குத் திரும்பும்போதே தம் வேலையின் குறையை அறிந்தனர். மென்பொருளும் அத்தகையதே. எழுதிக் கொடுத்த அன்று எல்லாம் சரியாகவே இயங்கும். ஆயிரம் பேர் பாவிக்கத் தொடங்கி, நடு இரவில் அது பழுதுற்று, எழுதியவரே விழித்திருந்து திருத்தும்போதுதான் தொழில் கைக்கு வருகிறது. பழுது திரும்பி வருமுன்னே ஒவ்வொரு முறையும் இடம் மாறியவர் ஐந்து ஆண்டு வேலை செய்தும், முதலாம் ஆண்டுப் பாடத்தையே ஐந்து முறை படித்தவராவார். இருபத்தைந்து வயதில் அது வெளியே தெரியாது. பிறரை வழிநடத்தும் பதவி வரும் வயதில் நன்றாகத் தெரியும். ஆதலால், முதற் கம்பனியில் தன் கைவேலையின் பலாபலனைக் காணும்வரை, ஏறத்தாழ ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டு, இருப்பது நன்று. கற்க ஒன்றுமில்லாத இடமாயின் அதற்கு முன்னரே நீங்குவதிலும் தவறில்லை.

பெற்றோரே, இனிப் பிள்ளை மாறப் போவதாகச் சொன்னால், "ஊரார் என்ன சொல்வார்கள்?" என்று கேளாதீர்கள். இவற்றைக் கேளுங்கள்: கைக்கு வரும் ஏற்றம் எவ்வளவு? சேமலாப நிதி முழுச் சம்பளத்துக்கும் கட்டப்படுமா, அடிப்படைச் சம்பளத்துக்கு மாத்திரமா? ஐந்து ஆண்டு நிறைய இன்னும் எத்தனை மாதம்? விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று நியமனக் கடிதத்தில் உள்ளது? புதிய இடத்தில் யாரிடமிருந்து எதைக் கற்பாய்?

இவற்றுக்குத் தெளிவான விடை சொல்லும் பிள்ளையை மனமுவந்து வாழ்த்தி அனுப்புங்கள். விடை சொல்லத் தடுமாறினால், ஒரு வாரம் பொறுத்துத் தீர்மானிக்கும்படி சொல்லுங்கள். அன்று கோறணமேந்து உத்தியோகத்தை நாடிய நம் பாட்டனாரும் தமக்குத் தெரிந்த கணக்கைப் பார்த்தே நாடினார். பேரப்பிள்ளையும் தன் காலத்துக் கணக்கைப் பார்க்கட்டும். அதனைச் சரியாகப் பார்க்கத் துணைநிற்பதே நம் கடன்.