திப்புவின் ஓர்கனும் உடைமை என்னும் சொல்லும்

இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையிலே, வீழ்ந்து கிடக்கும் ஐரோப்பியன் ஒருவன்மீது பாய்ந்து நிற்கும் மரப்புலி ஒன்றுண்டு. திப்புவின் புலி என்பர். அதன் விலாப்புறக் கதவைத் திறந்தால் 18 தந்தக் கட்டைகளும் குழாய்களும் கொண்ட சிறியதோர் ஓர்கன் வெளிப்படும். கைபிடியைச் சுழற்றினால் புலி உறுமும். கிடப்பவன் கையை உயர்த்தி ஓலமிடுவான். புலியைப் பற்றி எழுதுவோர் பலர். அவ்வோர்கன் எங்ஙனம் கைமாறியது என்பதை ஆராய்வோர் சிலரே.

1799 மே 4இல் சீரங்கபட்டினம் வீழ்ந்தது; திப்பு மாண்டான். அரண்மனை இசைக்கூடத்திலிருந்த இக்கருவி கம்பனிப் படையின் கைப்பட்டது. 1808 முதல் இலண்டனிற் கம்பனித் தலைமையகத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டது. 1858இல் கம்பனியின் ஆட்சி பிரித்தானிய முடிக்குச் செல்ல, ஓர்கனும் உடன் சென்றது. பின்னர் தென் கென்சிங்ரன் நூதனசாலைக்குரியதாயிற்று. அந்நூதனசாலையே 1899இல் இன்றைய பெயரைப் பெற்றது.

முதலாவது கைமாற்றம் வாளால் நிகழ்ந்தது; ஏனையவை தாளால் நிகழ்ந்தன. தாள்கள் எத்துணை ஒழுங்காயிருப்பினும் முதற்கைமாற்றத்தை அவை நேர்மையாக்கிவிடா. சீரங்கபட்டினக் கொள்ளையைப் பங்கிடக் குழுவொன்று அமைக்கப்பட்டது. கொள்ளைக்கு அவர்தம் படைவழக்கில் 'பரிசு' என்று பெயர். குழு அமைத்துப் பங்கிட்டால் கொள்ளை உடைமையாகிவிடுமோ?

"நாம் வைத்திருந்தமையாலன்றோ அது பிழைத்தது" என்பது அவர்தம் சார்பிற் கூறப்படும் பெருவாதம். பிழைத்தது எது? கம்பனி மாளிகையில் வருவோரெல்லாம் கைபிடியைச் சுழற்றியதால் அருகிருந்த நூலக வாசகர் இரைச்சல் தாங்காது முறையிட்டனர். காலப்போக்கில் அக்கைபிடியே காணாமற் போயிற்று. பழுதுபார்த்தோர் ஓர்கனின் உள்ளமைப்பை முரட்டுத்தனமாய் மாற்றிவிட்டனர் என 1980களில் அதனை ஆராய்ந்தவர் கண்டார். இரண்டாம் உலகப் போரிலே கூரை இடிந்து புலி நொறுங்கியது. துண்டுகளை ஒட்டி 1947 அளவில் மீண்டும் காட்சிக்கு வைத்தனர். அவ்வொட்டுவேலை பாராட்டத்தக்கதே. ஆயின் திப்பு கேட்ட இசையை இன்று எவரும் கேட்டல் இயலாது.

திப்புவைத் தெய்வமாக்குவது எம் நோக்கமன்று. குடகு மக்களும் மலபார் மக்களும் அவன் படையாற் பட்ட துன்பம் மறைக்கத்தக்கதன்று. அரசன் கொடியவனாயின் அவன் வீட்டுப் பொருள் வென்றவனுக்குரியது என்பார், அதே நியாயத்தைக் கம்பனிக்கும் பொருத்துவாராக.

"யாரிடம் திருப்பிக் கொடுப்பது? வாரிசு யார்?" எனவும் வினவுவர். திப்புவின் மைந்தரை வேலூர்க் கோட்டையில் அடைத்து, 1806ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் கல்கத்தாவுக்குப் பெயர்த்தவர் யார்? அதே கம்பனியே. குடும்பத்தைச் சிதறடித்த பின் வாரிசைத் தேடுவது விந்தையான கேள்வி. கல்கத்தாக் குடும்பமா, கர்நாடக மாநிலமா, இந்திய நடுவண் அரசா என்பது தீர்க்கவேண்டிய வழக்கே. ஆயின் பெறுவோர் யாரெனத் துணியாமை, வைத்திருப்போருக்கு உரிமைப் பத்திரமாகாது.

இறுதியாக, சட்டம் இடந்தராது என்பர். 1983ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டம், சில விதிவிலக்குகள் நீங்கலாக, சேகரிப்பிலுள்ள பொருள்களைக் கைவிட நூதனசாலை அறங்காவலரைத் தடுப்பது மெய்யே. அச்சட்டம் வானிலிருந்து இறங்கியதன்று. வெஸ்ற்மினிஸ்ரர்ப் பாராளுமன்றம் இயற்றியது. இயற்றிய பாராளுமன்றமே அதனைத் திருத்தவும் வல்லது.