எந்தத் திசை, எத்தனை மணி?

பறக்கும் தட்டு என்று சொல்லி எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் வீடியோ எதையும் நான் அழிப்பதில்லை. இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்துப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிறேன். அதனால் ஊரில் யார் எதைப் பார்த்தாலும் எனக்குத்தான் அனுப்புவார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை, ஒளியைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வீடியோவில் இருப்பது இருட்டும் நடுங்கும் ஒரு புள்ளியும்தான். எத்தனை மணி, எந்தத் திசை என்று கேட்டால், "எனக்கே ஒருத்தர் அனுப்பினார் சார்" என்பார்கள்.

ஓரிடத்திலிருந்து மட்டும் பார்த்த புள்ளியின் தொலைவைச் சொல்ல முடியாது. தொலைவு தெரியாதவரை வேகமும் பருமனும் ஊகமே. அமெரிக்கக் கடற்படை விமானம் 2015இல் எடுத்த 'கோ ஃபாஸ்ட்' வீடியோவில் ஏதோ ஒன்று கடலை உரசியபடி பாய்வதுபோல் தெரியும். நல்லவேளை, விமானத்தின் உயரம், கேமராவின் கோணம் உள்ளிட்ட விவரங்கள் திரையிலேயே பதிவாகியிருந்தன. அவற்றைக் கொண்டு கணக்குப் போட்ட நாசா குழு 2023இல் சொன்னது: அந்தப் பொருள் இருந்தது சுமார் 13,000 அடி உயரத்தில், வேகம் மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர். நாம் கண்ட பாய்ச்சலில் பெரும்பகுதி படமெடுத்த விமானத்தினுடையது.

லடாக்கில் 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை நம் ராணுவத்தினர் 329 முறை ஒளிகளைக் கண்டு குறித்துவைத்தார்கள். சீன உளவு விமானங்களோ என்று சந்தேகம். காவலூர் தொலைநோக்கியை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் ஆராய்ந்து, அவை வியாழனும் வெள்ளியும் என்றது. அந்த வீரர்களைக் கேலி செய்பவர்களை எனக்குப் பிடிக்காது. கண்டதை விடாமல் எழுதிவைத்தார்களே, அதுதான் அறிவியலின் முதல் வேலை.

2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ தெரிந்ததாகச் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்பட்டன. ரஃபேல் விமானங்கள் தேடியும் எதுவும் அகப்படவில்லை. எந்தத் திசையில், எந்தக் கோணத்தில் கண்டார்கள், அப்போது ரேடாரில் என்ன இருந்தது என்ற முழு விவரமும் கல்லூரி மாணவர் கைக்குக்கூட எட்ட வேண்டும். பிரான்ஸின் விண்வெளி நிறுவனம் இத்தகைய காட்சிகளை ஆராய்வதற்கென 1977இலேயே ஒரு பிரிவைத் தொடங்கி, 2007 முதல் தன் கோப்புகளை இணையத்தில் வெளியிட்டுவருகிறது. இஸ்ரோவாலும் முடியும்.

நீங்கள் அப்படி ஓர் ஒளியைப் பார்த்தால், கூரையோ தென்னையோ படத்துக்குள் வரும்படி போனைச் சுவரில் அண்டக் கொடுத்து எடுங்கள். பக்கத்து ஊர் நண்பரை அழைத்து அவரையும் அதே நேரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு இடங்களின் கோணம் கிடைத்தால் தொலைவைக் கணக்கிட முயலலாம். அசல் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் தரம் குறைந்து, கேமரா பதிந்த விவரங்களும் போய்விடும்.