சோலார் வண்டிக்கு ஐ-ஸ்கொயர்-சி ஆகாது சாமி!

இரும்பை தாண்டி ஆரோவில் பக்கம் போனா, சத்தமில்லாம ஓடற எலக்ட்ரிக் வண்டிங்களைப் பார்க்கலாம். நம்ம பக்கத்து காலேஜ் பசங்களுக்கும் சோலார் வண்டி ஆசை வந்தாச்சு. ரொம்ப சந்தோஷம். ஆனா அவங்க சர்க்யூட்டைப் பார்த்தாத்தான் வயித்தைக் கலக்குது. பேட்டரி போர்டு, சார்ஜர், டிஸ்ப்ளே எல்லாத்தையும் மூணு மீட்டர் ஐ-ஸ்கொயர்-சி வயர்ல கோத்துடறாங்க. கேட்டா, "ஆர்டுயினோவுல லைப்ரரி இருக்குண்ணே!"

லைப்ரரி இருந்தா போதுமா மக்கா? 1982ல பிலிப்ஸ் இதைக் கொண்டுவந்ததே ஒரே போர்டுல இருக்கற சிப்புங்க பேசிக்கத்தான். லைனோட கெப்பாசிட்டன்ஸுக்கு 400 பைக்கோஃபாரட்னு வரம்பு. வயர் நீள நீள அது ஏறும். பக்கத்துலயே மோட்டார் கன்ட்ரோலர் இரைச்சல் வேற. ஒரு சிப் டேட்டா லைனைக் கீழ இழுத்துப் பிடிச்சா மொத்த பஸ்ஸும் அம்பேல். வந்த தகவல் கெட்டுப்போச்சான்னு பார்க்க சிஆர்சியும் கிடையாது.

"டேபிள்ல நல்லா ஓடுச்சே?" ஓடும். அங்க மோட்டார் சுத்தலையே!

வெயில் இருக்கற வரைக்கும் பேனல் சார்ஜ் ஏத்திக்கிட்டே இருக்கும். 'போதும், நிறுத்து'ன்னு பேட்டரி போர்டு சொல்றது சார்ஜருக்குப் போய்ச் சேரலேன்னா? லித்தியம் பேட்டரி பக்கத்துல ஒரு பையன் உக்காந்திருக்கான்யா.

இதுக்குத்தான் பாஷ் கம்பெனி 1986ல வெளியிட்ட கேன் பஸ் இருக்கு (தண்ணி கேன் இல்லீங்க :-)). முறுக்கின ரெண்டு வயர், ரெண்டு முனையிலும் 120 ஓம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை மட்டும் படிக்கறதால, ரெண்டுலயும் சமமா ஏறற இரைச்சல் அடிபட்டுப் போகும். 1 மெகாபிட் வேகத்துல 40 மீட்டர் வரை தாங்கும். 15 பிட் சிஆர்சி உண்டு. சின்ன ஐடிக்கு முதல் மரியாதை. பேட்டரி அலறும்போது டிஸ்ப்ளே வழிவிட்டே ஆகணும். தப்பாவே பேசிக்கிட்டிருக்கற போர்டு தானா ஒதுங்கிடும்.

"செலவாகுமேண்ணே?" எம்சிபி2515 மாட்யூல் ஒரு பிரியாணி காசு.

1987ல இருந்து ஆஸ்திரேலியாவுல டார்வின் டு அடிலெய்டு, சுமார் 3000 கிலோமீட்டர் சோலார் கார் போட்டி நடக்குது. 2023ல சென்னை ஐஐடியோட அக்னிரத் அணியும் போச்சு. நம்ம பசங்களும் ஒருநாள் போகணும்; அந்தப் பாலைவனத்துல யாரு நின்னு ரீசெட் அமுக்கறது?

ஐ-ஸ்கொயர்-சியைத் தூக்கிக் கடாசச் சொல்லலை. போர்டுக்குள்ள அதுவும் எஸ்பிஐயும் ராஜா. ஜிபிஎஸ்ஸுக்கு யூஆர்ட் போதும். ஆர்எஸ்-485 இரைச்சலைத் தாங்கும், ஆனா யாரு எப்ப பேசணும்னு நீங்கதான் புரோகிராம் எழுதணும்.

கடைசியா ஒண்ணு. எமர்ஜென்சி சுவிட்சை எந்த பஸ்ஸையும் நம்பி விடாதீங்க. காண்டாக்டர் காயிலுக்கு நேரா ஒரு வயர் இழுங்க. உயிர் விஷயத்துல சாஃப்ட்வேரை நம்பாதீங்கன்னு ஒரு சாஃப்ட்வேர்காரனே சொல்றேன், கேட்டுக்கங்க.