தண்ணீருக்குள் வெல்டிங் படிக்கப் போகிறவர்களுக்கு

வேலை தேடி மும்பை வரும் நம் பிள்ளைகள் சிலர், 'அண்டர்வாட்டர் வெல்டிங்' படித்தால் லட்சக்கணக்கில் சம்பளம் என்று கேள்விப்பட்டு, பணம் கட்டலாமா என்று விசாரிக்கிறார்கள். அதற்காக நகையை அடகு வைக்கத் தயாராயிருக்கும் பெற்றோரும் உண்டு. அந்த வேலை எப்படிப்பட்டது என்று முதலில் பார்ப்போம்.

தண்ணீருக்குள் நெருப்பா என்று வியக்கவேண்டாம். 1932-லேயே சோவியத் நாட்டின் கிரெனோவ் செய்து காட்டிவிட்டார். நீர் புகாத பூச்சுள்ள ராடு எரியும்போது எழும் வாயுக் குமிழி, நெருப்பைச் சுற்றி நீரை ஒதுக்கி வைக்கிறது. சங்கடம் அதற்குப் பிறகுதான். கொல்லன் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தொட்டியில் முக்கியதுபோல, ஒட்டு சட்டென்று குளிர்ந்து இறுகிப்போகும். நீரிலிருந்து பிரியும் ஹைட்ரஜனும் உள்ளே புகுந்து விரிசலுக்கு வழி செய்யும். ஆகவே கப்பலின் அடிப்பாகத்தில் இப்படிப் போட்ட ஒட்டைப் பொதுவாகத் தற்காலிகமாகவே ஏற்கிறார்கள். கப்பல் உலர்துறைக்கு ஏறியதும் சரியாகச் செய்தாகவேண்டும். உறுதியான ஒட்டு வேண்டுமானால், பழுதான இடத்தைச் சுற்றி அறை அமைத்து, வாயுவைச் செலுத்தி நீரை வெளியேற்றி, உலர்ந்த இடத்தில் பற்றவைக்க வேண்டும். செலவு ஏராளம். எண்ணெய் மேடைகளின் கால்களில் பழுது என்றால், பல சமயம் வெல்டிங்கே இல்லாமல் கிளாம்ப் மாட்டி போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள்!

ஆக, கடலுக்கடியில் வெல்டிங் என்பது டைவரின் வேலையில் சிறு பங்குதான். பாசியும் சிப்பியும் சுரண்டுவது, விரிசல் தேடுவது, படம் எடுப்பது என்றே பெரும்பொழுது போகும். மும்பை ஹையில் கடலின் ஆழம் சுமார் 75 மீட்டர். அடியில் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் எட்டு மடங்குக்கும் அதிகம். அங்கே இறங்குகிறவன் முதலில் டைவர், பிறகுதான் வெல்டர்.

எனவே சில வாரச் சான்றிதழை நம்பி நகையை அடகு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் கரையில் வெல்டிங் கை படியட்டும். அடுத்து முறையான டைவிங் பயிற்சி. வேலைக்குச் சேரும் இடத்தில் சம்பளத்துக்கு முன் கேட்கவேண்டியது, மேலே சுவிட்ச் யார் கையில் என்பது. ராடு மாற்றும் ஒவ்வொரு முறையும் கீழே இருப்பவன் குரல் கொடுக்க, மேலே இருப்பவன் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும். அதற்கென்று தனி ஆள் போடச் சுணங்கும் கம்பெனி எவ்வளவு கொடுத்தாலும் இறங்கவேண்டாம்.