கோழி எலும்பும் குரக்கன் துண்டும்

எங்கட வீட்டில ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி எண்டால் எலும்பெல்லாம் நாய்க்குத்தான். அம்மம்மா காலத்திலயிருந்து அப்படித்தான். போன வருசம் ஜிம்மி ரெண்டு நாள் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தபோது மிருக வைத்தியர் முதலில் கேட்டது, "என்ன போட்டனீங்கள்?" வெந்த எலும்பு கூராக உடைந்து குடலையே கிழிக்கலாம். கறியில் கிடக்கிற வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். மிச்சத்தைப் போடுறதைத்தான் நாங்கள் பாசம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தம்.

அதுக்காக, 2022க்குப் பிறகு ஏறின விலையில இறக்குமதிப் பிஸ்கற் வாங்கவேணும் எண்டில்லை. ஒரு கப் குரக்கன் மா, அவிச்சு மசிச்ச வத்தாளங்கிழங்கு ஒண்டு, ஒரு முட்டை. உப்பு, சீனி வேண்டாம். பிசைஞ்சு மெல்லிசாத் தட்டி, நகமளவு துண்டாக வெட்டி, தோசைக்கல்லில மெல்லிய நெருப்பில காயவிடுங்கோ. மணத்துக்கு முள் எடுத்த அவிச்ச மீன் கொஞ்சம் சேர்க்கலாம். கருவாடு கூடாது, உப்புக் கனக்க. சொக்லேற், முந்திரிகை வத்தல் ரெண்டையும் கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ, நஞ்சு.

"மனுசருக்கே சாப்பாடில்லை, நாய்க்குப் பலகாரமோ?" எண்டு சித்தப்பா நக்கலடிச்சார். கேள்வி நியாயம்தான். ஆனால் இதுக்கு ஆகிற காசு அவர் ஒருநாள் குடிக்கிற பிளேன்ரீக்கும் வராது. அதோட இது சாப்பாடுமில்லை. நாயின் ஒருநாள் உணவில் பத்தில் ஒண்டைத் தாண்டக்கூடாது.

ஜிம்மிக்கு இப்ப பின்னேரம் நாலு துண்டு. ஐந்தாவதுக்குக் குசினி வாசலில் நிக்கும். அம்மம்மாதான் களவாகக் குடுக்கிறா.