முளையிலே தெரியுமா?

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது பழமொழி. இப்பழமொழியை ஒரு தொழிலாகவே வளர்த்தெடுத்த நாடு அமெரிக்கா எனலாம். அங்கு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தில் பல உயர்நிலைப்பள்ளிகளில் ஒரே மாதிரியான காட்சியைக் காணலாம். பள்ளி மண்டபத்தில் ஒரு மேசை போடப்பட்டிருக்கும். அதன்மீது மூன்று நான்கு பல்கலைக்கழகங்களின் தொப்பிகள் வரிசையாக இருக்கும். மேசைக்குப் பின்னால் பதினேழு அல்லது பதினெட்டு வயது மாணவன் ஒருவன் பெற்றோருடன் அமர்ந்திருப்பான். அவன் ஒரு தொப்பியை எடுத்து அணிந்தவுடன் கைத்தட்டல் எழும். எந்தப் பல்கலைக்கழகத்தின் காற்பந்து அணியில் அவன் சேரப்போகிறான் என்பது அந்த நொடியில் ஊரறிந்த செய்தியாகிவிடும்.

இங்கே காற்பந்து எனப்படுவது உலகக் கிண்ணப் போட்டிகளில் ஆடப்படும் விளையாட்டு அன்று. அமெரிக்கக் காற்பந்தில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர். தொலைவில் இருக்கும் தோழனுக்கு எறிவர். ஓர் அணிக்குப் பதினொருவர் களத்தில் இருப்பர். தலைக்கவசமும் தோள் கவசமும் அணிந்து மோதி ஆடும் இவ்விளையாட்டில் பல்கலைக்கழக அணிகளுக்குப் பெரும் வரவேற்பு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் 100,000க்கும் மேற்பட்டோர் அமர்ந்து ஆட்டத்தைக் காணலாம். இத்தகைய அணிகள் திறமையான மாணவர்களை உபகாரச் சம்பளம் வழங்கித் தம்பக்கம் ஈர்க்கப் போட்டியிடுகின்றன.

அந்தப் போட்டியில் பிறந்ததே நட்சத்திர மதிப்பீடு. ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ், இஎஸ்பிஎன் போன்ற நிறுவனங்கள் உயர்நிலைப்பள்ளி ஆட்டக்காரர்களை ஆராய்ந்து நட்சத்திரங்கள் வழங்குகின்றன. மிகச் சிறந்தவர் எனக் கருதப்படுபவருக்கு ஐந்து நட்சத்திரங்கள். அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவருக்கு நான்கு. பெரும்பாலோர் மூன்று அல்லது இரண்டு நட்சத்திரங்களோடு நின்றுவிடுவர். அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து லட்சம் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் இவ்விளையாட்டில் ஈடுபடுகின்றனர். அவர்களுள் ஆண்டுக்கு ஏறக்குறைய முப்பது பேருக்கு மட்டுமே ஐந்து நட்சத்திரங்கள் கிடைக்கின்றன. ஒரு பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்ட மாணவர்களின் நட்சத்திரங்களைக் கூட்டிக் கழித்து, அந்த அணியையே தரவரிசைப்படுத்துவதும் உண்டு.

இம்மதிப்பீடு வெறும் ஊகம் என்று ஒதுக்கிவிட முடியாது. மதிப்பீட்டாளர்கள் மாணவரின் ஆட்டப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கின்றனர். உயரம், எடை, கைகளின் நீளம் ஆகியவற்றை அளக்கின்றனர். நாற்பது கஜத் தொலைவை, அதாவது ஏறத்தாழ 36.6 மீட்டரை, எத்தனை வினாடியில் கடக்கிறார் என்று குறிக்கின்றனர். பயிற்சி முகாம்களில் ஒரு மாணவரை மற்றொரு வலிமையான மாணவரோடு மோதவிட்டு ஒப்பிடுகின்றனர்.

இந்த உழைப்புக்குப் பலனும் இருக்கிறது. 2018இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த டிரெவர் லாரன்ஸ் ஐந்து நட்சத்திரம் பெற்றவர். அவர் தம் முதலாம் ஆண்டிலேயே அணியைத் தேசிய வெற்றியாளராக்கினார். 2021இல் தொழில்முறைக் காற்பந்துத் தேர்வில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிக் சேபன் என்னும் பயிற்றுநர் 2007 முதல் 2023 வரை அலபாமா பல்கலைக்கழக அணிக்குப் பொறுப்பேற்றிருந்தார். அக்காலத்தில் உயர்ந்த நட்சத்திரம் பெற்ற மாணவர்களை அவர் ஆண்டுதோறும் திரட்டினார். அந்த அணி ஆறு முறை தேசிய வெற்றியாளர் பட்டம் பெற்றது. ஆகவே, நட்சத்திரங்கள் பொய் சொல்கின்றன என்பது சரியான வாதம் ஆகாது.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? ஒரு கூட்டத்தைப் பற்றிய கணிப்பைத் தனியொருவரைப் பற்றிய தீர்ப்பாக மாற்றும்போதுதான் குறை ஏற்படுகிறது. ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து நட்சத்திரம் பெற்ற 30 பேரில் 15 பேர் சிறந்து விளங்குவதாகவும், மூன்று நட்சத்திரம் பெற்ற 2,000 பேரில் 100 பேர் சிறந்து விளங்குவதாகவும் வைத்துக்கொள்ளலாம். முதல் குழுவில் இருவரில் ஒருவர் வெற்றி பெறுகிறார். இரண்டாவது குழுவில் இருபது பேரில் ஒருவர்தான் வெற்றி பெறுகிறார். எனவே மதிப்பீடு சரியாகவே வேலை செய்திருக்கிறது. ஆயினும், வெற்றி பெற்ற 115 பேரில் 100 பேர் மூன்று நட்சத்திரக்காரர்கள் என்பதையும் மறக்கலாகாது. கணிப்பு சரியாக இருந்தும், அது கண்டுகொள்ளாத திறமைசாலிகளே எண்ணிக்கையில் மிகுதியாக இருக்கக்கூடும்.

திறமை கண்ணில் படாமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவதாக, பதினேழு வயதில் உடல் வளர்ச்சி முற்றுப்பெறுவதில்லை. சிலர் பதினைந்து வயதிலேயே ஆளாகி நிற்பர். சிலர் இருபது வயதுவரை வளர்வர். ஒரே நாளில் இருவரையும் நிறுத்தி அளந்தால், முன்னதாக வளர்ந்தவரே மேலானவராகத் தெரிவார்.

இரண்டாவதாக, எல்லா மாணவரும் ஒரே வெளிச்சத்தில் நிற்பதில்லை. டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களின் பெரிய பள்ளிகளில் ஆடுபவரை நாடிப் பயிற்றுநர்கள் வருகின்றனர். சிற்றூர்ப் பள்ளியில் ஆடும் மாணவனோ, தன் செலவில் முகாம்களுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் செலவைத் தாங்க முடியாத குடும்பத்துப் பிள்ளைக்கு என்ன வழி?

மூன்றாவதாக, ஒருவரின் மதிப்பு மற்றவரின் மதிப்பைப் பார்த்தே உயர்வதும் உண்டு. ஒரு புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒரு மாணவரை அழைத்துவிட்டால், மதிப்பீட்டாளர்கள் அவரை மறுபடியும் உற்றுப் பார்க்கின்றனர். யாரும் அழைக்காத மாணவரை இரண்டாம் முறை பார்க்க ஆளிருப்பதில்லை.

இவற்றுக்குச் சான்றாக இருவரைக் குறிப்பிடலாம். விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஜே.ஜே. வாட் இரண்டு நட்சத்திரம் பெற்ற மாணவர். சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பந்தைப் பிடித்து ஆடும் இடம் அவருக்குக் கொடுக்கப்பட்டது. ஓராண்டுக்குப் பின் அவர் அங்கிருந்து விலகி, வீடு வீடாகப் பீட்சா கொண்டுசேர்க்கும் வேலையையும் செய்தார். பிறகு உபகாரச் சம்பளம் ஏதுமின்றி விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியில் சேர்ந்தார். அங்கு அவர் தற்காப்பு ஆட்டக்காரராக மாற்றப்பட்டார், உடலும் உரமேறியது. 2011இல் தொழில்முறை அணி ஒன்று அவரைப் பதினோராவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அதன்பின் ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதை அவர் மூன்று முறை பெற்றார்.

ஜாஷ் ஆலனின் கதையும் இத்தகையதே. கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்னும் சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். உயர்நிலைப்பள்ளியை முடித்தபோது எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அவரை அழைக்கவில்லை. அருகிலிருந்த ரீட்லி கல்லூரியில் ஓராண்டு ஆடினார். தம் ஆட்டப் பதிவுகளை இணைத்துப் பல பயிற்றுநர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இறுதியில் வயோமிங் பல்கலைக்கழகம் அவருக்கு இடமளித்தது. 2018இல் ஏழாவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 2024ஆம் ஆண்டுப் பருவத்தின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் விருதை வென்றார்.

‘இவர்கள் விதிவிலக்குகள், விதிவிலக்குகளைக் காட்டி முறையைக் குறை கூறலாமா?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எந்த மதிப்பீட்டிலும் பிழை நேரும். பிழையே இல்லாத முறையை எவராலும் உருவாக்க முடியாது. ஆனால், ஒரு முறை நல்லதா என்பதை அது எத்தனை முறை சரியாகக் கணித்தது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யலாகாது. கணிப்புத் தவறியவர்களுக்கு அது என்ன வழி விட்டு வைத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வாட்டுக்கு உபகாரச் சம்பளமின்றி அணியில் சேரும் வழி இருந்தது. ஆலனுக்கு ஈராண்டுக் கல்லூரி என்னும் வழி இருந்தது. இவ்வழிகள் இல்லாதிருந்தால் இருவரின் திறமையும் உலகுக்குத் தெரியாமலே போயிருக்கும். மதிப்பீட்டாளரும் தம் கணிப்பு சரியென்றே நம்பியிருப்பார்.

கவலைக்குரிய செய்தி யாதெனில், அந்த வழிகள் இப்போது குறுகி வருகின்றன. முன்பு உயர்மட்டப் பிரிவில் ஆடும் அணி ஒன்று 85 பேருக்கு உபகாரச் சம்பளம் வழங்கலாம். அதற்கு மேலும் பலர், சொந்தச் செலவில் படித்துக்கொண்டே அணியில் இடம்பெற முடிந்தது. 2025இல் ஏற்பட்ட ஒரு நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பின்னர், அதனை ஏற்ற பல்கலைக்கழகங்களுக்கு உபகாரச் சம்பள வரம்பு நீக்கப்பட்டது. அதற்கு மாறாக, அணியின் மொத்த எண்ணிக்கையே 105 என வரையறுக்கப்பட்டது. உபகாரச் சம்பளம் பெறுவோர் கூடலாம் என்பது நன்மைதான். ஆயினும் தாமாக வந்து முயல்வோருக்கான இடம் சுருங்கிவிட்டது.

மாணவர்கள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதும் எளிதாகியுள்ளது. மாற விரும்புவோர் பெயர் கொடுக்கும் இணையப் பதிவேடு 2018இல் தொடங்கப்பட்டது. 2021 முதல், முதன்முறை மாறுபவர் ஓராண்டு காத்திருக்காமல் உடனே ஆடலாம். இதனால், குறைவாக மதிப்பிடப்பட்ட மாணவர் சிறிய அணியில் திறமையைக் காட்டிப் பெரிய அணிக்கு உயர முடிகிறது. இது வரவேற்கத்தக்க மாற்றம். எனினும், வளர்ந்து முதிர்ந்த ஆட்டக்காரர் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது, இன்னும் முளைவிடாத ஒரு மாணவனுக்காகக் காத்திருக்கப் பயிற்றுநருக்குப் பொறுமை இருப்பதில்லை. ஓராண்டில் வெற்றி தேடித்தராவிட்டால் அவரது வேலைக்கே ஆபத்து வரலாம் அல்லவா?

நட்சத்திரம் குறைந்தவர்கள் மட்டுமா பாதிக்கப்படுகின்றனர்? ஐந்து நட்சத்திரம் பெற்றவனுக்கும் அது எளிய சுமை அன்று. பல்கலைக்கழகத்தில் காலடி வைக்கும் முன்பே அவனைப் பற்றிப் பல்லாயிரம் பேர் கருத்துச் சொல்லிவிடுகின்றனர். அவன் காயமடைந்தாலோ, தன்னைவிட மூத்தவரிடம் இடத்தை இழந்தாலோ, ‘ஏமாற்றிவிட்டான்’ என்ற பேச்சு எழுகிறது. உண்மையில் அவன் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, கணித்தவர்கள் பிறர். அவர்களின் கணிப்பு பொய்த்ததற்கு ஓர் இளைஞனைப் பழிப்பது எவ்வகையிலும் நியாயம் ஆகாது.

ஆகவே, மதிப்பீட்டைக் கைவிட வேண்டும் என்பதில்லை. அதனைப் பொறுப்புடன் செய்ய வேண்டும். மதிப்பீட்டாளர் ஒரு மாணவரை எத்தனை முறை நேரில் பார்த்தார், எந்த நாளில் அளந்தார், எதைப் பார்க்க இயலவில்லை என்பதை நட்சத்திரத்தின் அருகிலேயே குறிப்பிடலாம். ஒரே முகாமில் ஒருமுறை பார்த்ததும், ஓராண்டு முழுவதும் கவனித்ததும் ஒரே மதிப்புடையன அல்ல. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது சோற்றுக்குப் பொருந்தும். வளரும் மனிதருக்குப் பொருந்தாது. நான்கு ஆண்டுகள் கழித்துத் தம் கணிப்புகளுள் எவை பலித்தன, எவை தவறின என்பதையும் நிறுவனங்கள் வாசகர் முன் வைக்க வேண்டும். பல்கலைக்கழகங்களோ, 105 இடங்களுள் சிலவற்றையேனும் நட்சத்திரம் பாராமல், நேரடித் தேர்வின் வழி நிரப்பலாம். அதற்குச் செலவு குறைவு. அதனால் கிடைக்கக்கூடிய பயனோ பெரிது.

விளையும் பயிர் சில வேளைகளில் முளையிலே தெரியும். சில வேளைகளில் மழை பெய்த பிறகே தெரியும். நல்ல உழவர் முளையைப் பார்த்துக் கணிப்பார். ஆயினும், மெலிந்து நிற்கும் நாற்றுக்கும் நீர் பாய்ச்சத் தவறமாட்டார். இளையரின் ஆற்றலை மதிப்பிடும் பொறுப்பில் உள்ளவர்கள் அவ்வுழவரைப் போல் நடந்துகொள்வதே சாலச் சிறந்தது.