கிளிகளின் நிறத்திரிபும் பெயர்நெறியும்

பொருளின் இயல்பை உள்ளவாறு அறிந்து அதற்கேற்பப் பெயரிடுதல் அறிவின் முதற்படியாகும். பெயர் பிழைபடின் பொருளும் பிழைபடவே உணரப்படும். இவ்வுண்மை மொழியாராய்வார்க்கு மட்டுமன்றிக் கூண்டிற் பறவை வளர்ப்பார்க்கும் பொருந்துவதொன்றாம். அன்னோர் கிளிகளின் நிறவேறுபாட்டைக் கண்ணளவிற் கண்டு பெயரிட்டு விற்றும் வாங்கியும் வருகின்றனர். இம்முறை தக்கதன்று என்பதும், நிறத்தின் காரணத்தை அறிந்தே பெயரிடல் வேண்டும் என்பதும் எமது கருத்து. அதனை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

சான்றாக எடுத்துக்கொள்ளும் பறவை பட்ஜரிகர் என்னும் சிறு கிளியாகும். நம் நாட்டுக் கடைத்தெருக்களில் இதனை 'லவ் பேர்ட்ஸ்' என்பர். அப்பெயர்க்கு உரியன ஆப்பிரிக்க நாட்டைச் சார்ந்த வேறு கிளிகள். பட்ஜரிகரின் தாயகமோ ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டு வெளிகளாம். 1840-ஆம் ஆண்டில் ஜான் கூல்ட் என்னும் பறவை நூலறிஞர் இதனை உயிருடன் இங்கிலாந்திற்குக் கொணர்ந்தார். அன்று அறியப்பட்ட நிறம் ஒன்றே. உடல் பச்சை, முகம் மஞ்சள், தலையின் பின்புறத்தும் முதுகினும் சிறகினும் கருவரிகள். பின்னர்க் கூண்டில் வளர்ந்த தலைமுறைகளில் மஞ்சட் பறவைகள் தோன்றின. 1880-ஆம் ஆண்டை ஒட்டிப் பெல்ஜியம் நாட்டில் நீலப் பறவை தோன்றிற்று. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரான்சு தேயத்துத் துலூஸ் நகரில் கரும்பச்சை நிறத்தன தோன்றின. இன்று இந்நிறங்கள் தம்முட் கலந்து விளைந்த வேறுபாடுகள் எண்ணிறந்தன.

இவ்வேறுபாடுகளை எங்ஙனம் பாகுபடுத்துவது? தமிழ் மாணவர்க்கு இதற்கோர் எளிய வழி உண்டு. சொற்கள் புணருமிடத்து நிகழும் விகாரம், தோன்றல் திரிதல் கெடுதல் என மூவகைப்படும் என்று நன்னூலார் வகுத்துள்ளார். வாழைப்பழம் என்புழிப் பகரமெய் தோன்றிற்று. பொற்குடம் என்புழி னகரம் றகரமாய்த் திரிந்தது. மரவேர் என்புழி மகரம் கெட்டது. கிளியின் நிறத்தையும் இம்மூன்று வினாக்களைக் கொண்டு ஆராயலாம். புதியதொன்று தோன்றிற்றா? உள்ளது திரிந்ததா? உள்ளது கெட்டதா?

பச்சை என்பது இப்பறவையின் இறகில் உள்ள ஒரு சாயமன்று. இறகின் புறப்படையில் மஞ்சட் சாயம் உண்டு. அதன்கீழ் நுண்டுளை நிறைந்த படையொன்று ஒளியைச் சிதறச்செய்து நீலத்தை மட்டும் மீட்டுத் தருகின்றது. அதற்கும் உள்ளே மெலனின் என்னும் கருஞ்சாயம் எஞ்சிய ஒளியை விழுங்குகின்றது. நீலமும் மஞ்சளும் கூடியவிடத்து நம் கண்ணுக்குப் பச்சை புலனாகின்றது.

இதனை உணர்ந்தார்க்கு நீலப் பறவையின் மறைபொருள் எளிதில் விளங்கும். பறவைக்குப் புதிதாய் நீலம் வந்ததென்றே காண்பார் பலரும் கருதுவர். உண்மையில் தோன்றியது ஒன்றுமில்லை, மஞ்சள் கெட்டது, முன்னரே உள்ளிருந்த நீலம் வெளிப்பட்டது. 2017-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளரும் பிறரும், மஞ்சட் சாயத்தை ஆக்கும் ஒரு நொதியில் ஓர் அமினோ அமிலம் மாறினமையே இதற்குக் காரணம் என்று நிறுவினர். இவ்வாறே கருஞ்சாயம் கெட்டவிடத்து மஞ்சள் மட்டும் எஞ்சும். அதனை லுட்டினோ என்பர். இரண்டும் கெட்டவிடத்து வெண்மையே எஞ்சும். அஃது அல்பினோ எனப்படும். கருவரி பழுப்பாய்த் திரிந்தது சின்னமன் எனப்படும்.

இனி, கண்ணளவிற் பெயரிடுதலால் வரும் இடர்களை நோக்குவாம். மஞ்சட் பறவை என்னும் பெயர் ஒன்று. அப்பெயரால் வழங்கும் பறவைகள் பல. கண் செந்நிறமாகவும், உடலில் கருவரி சிறிதுமின்றியும் இருப்பது லுட்டினோ. கண் கருமையாய், வரிகள் மங்கலாய் எஞ்சியிருப்பது பிறிதொன்று; ஈண்டுக் கருஞ்சாயம் குறைந்ததேயன்றி முற்றும் கெடவில்லை. பாலோ எனப்படும் பழுப்புவரிப் பறவைகளிலோ செங்கண் உடையன இருவகை உண்டு. ஜெர்மானிய வகையின் விழியைச் சூழ வெண்மையான வளையம் உண்டு. ஆங்கில வகையில் அது தெளிவாய்க் காணப்படாது. ஒன்றுபோல் தோன்றும் இவ்விரண்டையும் ஒரே வகையென்று கருதி இணைப்பார்க்குப் பிறக்கும் குஞ்சுகள் யாவும் இயல்பான நிறத்தனவே. இரண்டின் காரணமும் வெவ்வேறாதலின் ஒன்றன் குறையை மற்றது நிரப்பிவிடுகின்றது.

அன்றியும், ஆலிவ் என்னும் கரும்பச்சையும், சாம்பற்பச்சையும் தொலைவில் நோக்குவார்க்கு ஒன்றாகவே தோன்றும். அணுகி நோக்கின், முன்னதன் கன்னப்புள்ளி ஊதாவாகவும், பின்னதன் கன்னப்புள்ளி சாம்பலாகவும் இருக்கும். ஆலிவ் பறவையை இயல்பான இளம்பச்சையோடு இணைப்பின் குஞ்சுகள் யாவும் இடைப்பட்ட கரும்பச்சையாம். ஒற்றைச் சாம்பற் கூறுடைய பறவையை அவ்வாறே இணைப்பின் ஏறக்குறையப் பாதி இளம்பச்சை, பாதி சாம்பற்பச்சை. ஆகவே கண் தரும் விடை ஐயத்திற்கு இடனாயவிடத்து, மரபு தரும் விடையே முடிவாம்.

கண்ணுக்கு முற்றிலும் புலனாகாத வேறுபாடும் உண்டு. வேங்கை என்னும் சொல் ஒருமொழியாய் நின்று மரத்தையும் விலங்கையும் உணர்த்தும்; வேம் கை எனப் பிரிந்து வேகின்ற கையையும் உணர்த்தும். இதனைப் பொதுமொழி என்பர். பச்சைக் கிளியும் இத்தகையதே. ஒன்று உள்ளும் புறமும் பச்சை; மற்றொன்று நீலம் கரந்த பச்சை. புறத்தோற்றத்தில் இரண்டற்கும் வேற்றுமை இல்லை. நீலம் கரந்த இரண்டு பச்சைகளை இணைப்பின் சராசரியாக 4 குஞ்சுகளில் 1 நீலமாம். எஞ்சிய பச்சைகள் 3-இல் 2 நீலம் கரந்தன, 1 கரவாதது. எது எதுவென விற்பவரும் கண்டு சொல்ல இயலாது. சொல்லத்தக்க உண்மை, 'கரந்திருத்தல் கூடும்' என்பதே. ஆயினும் 'கரந்தது' என்று துணிந்து கூறி மிகுவிலை கொள்வார் உளர்.

இதனைச் சோதித்தறியும் வழி எளிது. ஐயமுற்ற பறவையை நீலப் பறவையோடு இணைத்தல் வேண்டும். ஒரு நீலக் குஞ்சு பிறப்பினும் கரந்தமை உறுதி. நீலம் கரந்த பறவைக்கு 7 குஞ்சுகளும் பச்சையாகவே பிறத்தல் 128-இல் ஒரு முறையே நிகழத்தக்கது; ஆதலின் அத்தகைய பறவையைக் கரவாதது என்று பெரும்பாலும் துணியலாம். லுட்டினோ நிறமோ பாலினத்தோடு பிணைந்து வருவது. பறவைகளில் ஆணுக்கு அப்பிணைப்புக்கூறு இரண்டு, பெட்டைக்கு ஒன்று. ஆகவே பெட்டை லுட்டினோவாய் இருக்கும், அன்றேல் அதனை அறவே பெறாததாய் இருக்கும். கரந்து நிற்றல் இயலாது. 'லுட்டினோ கரந்த பச்சைப் பெட்டை' என்று ஒருவர் விற்பின் அது பொய்யென்று வாங்குவார் அக்கணமே அறியலாம். இம்மரபுநெறிகள் பலவற்றை 1920-களில் பிரெமென் நகரத்து ஆசிரியர் ஹான்ஸ் டுங்கர், கார்ல் கிரேமர் என்பாரின் பறவைக்கூடத்தில் ஆராய்ந்து வெளியிட்டார். அவ்வறிவு கிடைத்துப் பல்லாண்டுகள் கழிந்தும் கடைத்தெருவில் அது பயன்படாமை வருந்தத்தக்கது.

'அழகைக் கண்டு மகிழ்வார்க்குப் பெயர் எற்றுக்கு?' என்று சிலர் வினவுவர். ஒரு பறவையைக் கண்டு மகிழ்ந்து வளர்ப்பதோடு அமைவார்க்கு இவ்வினா பொருந்தும். இணைத்துக் குஞ்சு பெறுவார்க்குப் பொருந்தாது. 1920-களில் நீலப் பறவைகளின்மேல் ஜப்பானியர்க்கு எழுந்த வேட்கையால் அவற்றின் விலை ஏறிப் பின்னர் வீழ்ந்தது. விலையால் நேரும் இழப்பு மனிதரோடு ஒழியும். மரபறியாது இணைத்தலால் நேரும் இழப்போ பறவைகளைச் சாரும். அரிய நிறத்தைப் பெருக்கும் அவாவினால் உடன்பிறந்தனவற்றைத் தலைமுறைதோறும் இணைப்பின் முட்டைகள் கூமுட்டையாதலும், குஞ்சுகள் மெலிதலும் மிகும். எதிர்பார்த்த நிறம் வாராத குஞ்சுகள் வேண்டாதனவாய்ப் புறக்கணிக்கப்படும். பெயரில் நேர்ந்த பிழைக்கு வாய்பேசா உயிர்கள் தண்டம் இறுத்தல் அறமாகுமா?

ஆகலின் பறவை வளர்ப்பார் மூன்று நெறிகளை மேற்கொள்ளல் நன்று. குஞ்சின் கண்ணிறத்தை முட்டை பொரித்த முதல் வாரத்திலேயே நோக்கிக் குறித்தல் ஒன்று; சின்னமன் குஞ்சின் கண் தொடக்கத்தில் செம்மை கலந்து காணப்பட்டுச் சில நாட்களிற் கருத்துவிடுமாதலின், காலம் தாழ்ப்பின் அச்சான்று மறையும். காலில் எண் பொறித்த வளையம் இட்டுத் தாய் தந்தையரை ஏட்டில் எழுதி வைத்தல் இரண்டு. ஐயமுள்ளதை ஐயமென்றே கூறி விற்றல் மூன்று. இக்காலத்து மரபணுச் சோதனை சில கரந்த நிறங்களைக் காட்டவல்லதே. எனினும் சோதனைக்குப் பொருள் வேண்டும். ஏட்டிற்கோ உண்மை ஒன்றே போதும்.

இடுகுறியாய் வழங்கும் பெயர்களினும் காரணம்பற்றி வரும் பெயர்களே இத்துறைக்கு ஏற்றன. 'நீலம் கரந்த பச்சை' என்பது போன்ற பெயரில் பறவையின் தோற்றமும் மரபும் ஒருங்கே விளங்கும். அத்தகைய பெயரை ஆராய்ந்து இடுவார் பறவைக்கும் வாங்குவார்க்கும் ஒருங்கே நன்மை செய்தவராவர்.